நரம்பு என்றால் எது

என் மனைவியின் இடது காலில், உட்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவில் ஒரு புண் இருந்தது. முதலில் அரிப்பாகத்தான் வந்தது. சொறிந்த இடத்தில் தோல் உரிந்தது, உரிந்த இடம் காயாமல் ஈரமாகவே நின்றுவிட்டது. சுற்றிலும் தோல் கறுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. இரண்டு இடங்களில் பரிசோதித்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் புண் மூடவில்லை. ஒரு வாரம் மூடுவதுபோல் போக்குக் காட்டும். அடுத்த வாரம் பொருக்கு உதிர்ந்து மறுபடி திறந்துகொள்ளும்.

அவள் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் இருக்கிறாள். நின்றபடி செய்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருக்கும். புண் வந்த பிறகு இடது கால் கொலுசைக் கழற்றினாள். ஒற்றைக் கொலுசோடு நடந்தால் பார்ப்பவர்கள் கேட்பார்கள் என்று வலது காலிலும் கழற்றிவிட்டாள். இரண்டும் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போயின.

அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே, பச்சையும் நீலமுமாகப் புடைத்து நெளிந்து ஓடிய கோடுகள் அதற்கு வெகுநாள் முன்பே வந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: நரம்பு சுருண்டுக்கிச்சு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டினோம். அவர் காலைப் பார்த்துவிட்டு, "நரம்பு சுருண்டிருக்கும்மா. அந்த நரம்ப அடைச்சுட்டா சரியாப் போயிடும். சின்ன ஆபரேஷன்தான்" என்றார். அடுத்த நோயாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

பேருந்தில் அவள் என்னிடம் கேட்டாள்:

"ஏங்க, நரம்ப அடைச்சா கால் எப்பிடிங்க வேல செய்யும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளது சொந்த ஊர் கிள்ளைப் பக்கம். அங்கே அவளுடைய பெரியப்பா ஒருவருக்குக் கதிர் அடிக்கிற இயந்திரத்தில் முழங்கையில் வெட்டு விழுந்தது. காயம் ஆறிவிட்டது, விரல்கள் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. நரம்பு அறுந்துபோச்சு என்றார்கள். சாப்பாட்டைப் பெரியம்மா பிசைந்து கொடுப்பதை அவள் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறாள்.

"நரம்புல கை வச்சா அவ்ளோதான். நான் நொண்டிக்கிட்டுப் போய் பொடவ எடுத்துப் போடறதா? வேணாம். இந்தப் புண்ணோடயே இருந்துட்டுப் போறேன்."

அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. சிதம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற என் மச்சான், அதாவது அவளது தம்பி, மாதாமாதம் ஒரு சிவப்பு மாத்திரை அட்டை கொடுத்தனுப்பினான். "நரம்புக்கு நல்லதுக்கா. எங்க கடையில ஜாஸ்தி போறதே இதுதான்." அவள் தவறாமல் சாப்பிட்டாள். புண் தன்பாட்டுக்கு இருந்தது.

இந்த நிலையில்தான் நான் உடற்கூறு படிக்கப் போனேன். புண்ணுக்காக அல்ல, வேலைக்காக.

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தேன். எந்தப் பொருள் எந்த அடுக்கில், எந்தப் பெட்டியில் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். அந்தப் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். நாற்பத்தெட்டு வயதில் என்னை அங்கே அழைக்க யாருக்கும் தோன்றவில்லை; போக எனக்கும் தோன்றவில்லை. பழைய நண்பர் ஒருவர் மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டு மருத்துவமனைகள் அனுப்பும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைக் குறிக்க வேண்டும். பொருளுக்கு எண், எண்ணுக்கு அடுக்கு. கேட்டவுடன் இது நான் செய்த வேலைதானே என்று தோன்றியது. பொருள் மட்டும்தான் வேறு.

வகுப்பு மஞ்சக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில். முதல் மாதம் முழுக்க 'அனாடமி ரிவியூ' என்று போட்டிருந்தார்கள். ரிவியூ என்றால் படித்ததைத் திரும்பப் பார்ப்பது. என்னோடு இருந்தவர்கள் எல்லாம் விலங்கியலும் நர்சிங்கும் பிசியோதெரபியும் முடித்த இருபது வயதுக்காரர்கள்; அவர்கள் திரும்பப் பார்த்தார்கள். வணிகவியல் படித்த நான் முதல்முறையாகப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் தமிழில் படித்த தமனி, சிரை, இதயக் கீழறை எல்லாம் எங்கோ அடியில் கிடந்தன. பரீட்சை எழுதியதோடு அந்தச் சொற்களுக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போயிருந்தது.

ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னை "சார்" என்றார். நான் அவரை "மேடம்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்த பிசியோதெரபிப் பெண் முதல் நாள் "அங்கிள்" என்றாள், ஒரு வாரத்தில் "அண்ணா" ஆக்கினாள். "அங்கிள்னு கூப்புட்டா பென்சில் கடன் கேக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

உடம்பு எனக்குப் பிடித்துப்போனது. இதை எழுதும்போது சற்றுக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. இத்தனை வருடம் ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, எந்த அறையில் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறவனைப் போல இருந்தேன். கல்லீரல் வலப்பக்கம் விலா எலும்புகளுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. சிறுநீரகங்கள் நான் நினைத்திருந்ததைவிட மேலே, முதுகுப் பக்கமாக இருக்கின்றன. 'நெஞ்சு' என்று நாம் சொல்வதற்குப் படத்தில் தனியாக இடமே இல்லை. நெஞ்சு கரித்தால் அது உணவுக்குழாய், நெஞ்சு அடைத்தால் இதயம், நெஞ்சில் சளி என்றால் நுரையீரல். ஒரே சொல்லை மூன்று அடுக்குகளில் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அதை நான் சரியாகப் பிரித்தேன். அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததில் விழுந்தேன்.

மாதக் கடைசியில் ஒரு பயிற்சித் தேர்வு வைத்தார்கள். நோய்களின் பெயர்களைக் கொடுத்து, எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று எழுதச் சொன்னார்கள். எலும்பு, தசை, நரம்பு, ரத்த ஓட்டம், செரிமானம், இப்படி. தாள் திரும்பி வந்தபோது என்னுடையதில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. 'இடது கால் வேரிகோஸ் வெயின், கணுக்காலில் புண்.' நான் அதை நரம்பு மண்டலத்தில் வைத்திருந்தேன்.

"சார், நீங்க தப்பே பண்ண மாட்டீங்களே. வெயின் எப்பிடி சார் நெர்வஸ் சிஸ்டத்துல போவும்?" என்றார் ஆசிரியை.

"வெயின்னா நரம்புதான மேடம்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "யார் யாரு நரம்புல போட்டது? கையத் தூக்குங்க" என்றார். மெதுவாக நாலைந்து கைகள் உயர்ந்தன. சிரித்தவர்களில் ஒருவனுடைய கையும் அதில் இருந்தது.

"தமிழ்ல நமக்கு எல்லாமே நரம்புதான்" என்றார் அவர். "கையில புடைச்சுக்கிட்டு நிக்குதே, அத நரம்புன்றோம். அது வெயின். ராத்திரி கெண்டக்கால் இழுத்துக்கிச்சுன்னா நரம்பு இழுத்துக்கிச்சுன்றோம். அது தசை. கை மரத்துப்போனா நரம்புன்றோம். அது ஒண்ணுதான் நெசமாவே நெர்வ்."

"வெத்தலைக்கும் நரம்பு இருக்கு மேடம்" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

"இருக்கு. அத யாரும் நமக்கு கோடிங் பண்ண அனுப்ப மாட்டாங்க."

பிறகு பலகையில் ஒரு காலை வரைந்தார். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் தமனி. பயன்பட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திரும்ப எடுத்துப் போகும் குழாய் சிரை, அதுதான் வெயின். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தி அழுத்தி அதை மேலே தள்ளுகிறது. தள்ளியது மறுபடி கீழே விழாமல் இருக்க, சிரைக்குள்ளே இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மேலே போக விடும், கீழே வர விடாது.

நான் கையைத் தூக்கினேன். "அது நான்-ரிட்டர்ன் வால்வு மேடம்."

"அதேதான் சார். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எத்தனையோ பெட்டி அவற்றை நான் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்திருக்கிறேன். குழாயில் போன ரசாயனம் திரும்பி வராமல் தடுப்பவை. அதன் தட்டு தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்று எங்கள் ஃபிட்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலே ஏறியது எல்லாம் திரும்பக் கீழே வந்து தேங்கும். அழுத்தம் தாங்காமல் குழாய் உப்பும். கடைசியில் இணைப்பு வழியாகக் கசியும்.

ஆசிரியை சொல்லிக்கொண்டே போனார். ரத்தம் தேங்கித் தேங்கிச் சிரை புடைத்து வளையும். கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும். அரிக்கும். பிறகு உட்பக்கத்தில் புண் வரும், ஆறாது.

அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தது பாடத்தை. நான் அதில் படித்துக்கொண்டிருந்தது என் மனைவியின் காலை. ஒரு வரிகூட விலகவில்லை.

வகுப்பு முடிந்ததும் நேராக ஜவுளிக்கடைக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. புடவைக்கும் புடவைக்கும் நடுவே சொல்கிற விஷயம் அல்ல அது. அவள் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். தமனி, சிரை, வால்வு, தேக்கம், புண். காகிதத்தில் படமும் வரைந்தேன்.

கேட்டு முடித்தவள், "நீங்க சொல்றது நரம்பு இல்லன்னு. டாக்டரு நரம்புன்னுதான சொன்னாரு? என் காதால கேட்டேன். நீங்களும் பக்கத்துல இருந்தீங்க" என்றாள்.

"இருந்தேன்."

"அவுங்க எத்தன வருஷம் படிச்சவுங்க. நீங்க ஒரு மாசம் மாடிப்படி ஏறிட்டு டாக்டருக்கு மேல பேசறீங்க."

மருத்துவர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். நானும் கேட்டேன். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கடையில் தீபாவளிக் கூட்டம் தொடங்கப்போகிற நேரம். அந்த நாட்களில் அவளுக்கு உட்காரவே முடியாது. புண் புளியங்கொட்டையிலிருந்து பெரிதாகிக்கொண்டிருந்தது என்பதை இருவரும் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். மச்சான் வீடு வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தான்.

"வாங்க மாமா! டாக்டருக்குப் படிக்கறீங்களாமே. அக்கா போன்ல சொல்லுச்சு. எங்க கடைக்கு எப்ப சீட்டு எழுதி அனுப்பப் போறீங்க?"

"உன் சிவப்பு மாத்திரைய நிறுத்தச் சொல்லித்தான் மொதல் சீட்டு."

"அய்ய, அது நரம்பு மாத்திர மாமா. அதுல கை வக்காதீங்க."

"அவளுக்கு இருக்கறது நரம்புக் கோளாறே இல்ல மச்சான். அது சிரை."

"சிரையா?" அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "சவரக்கட சமாச்சாரமால்ல இருக்கு. அக்கா, மாமா உன் கால சிரைக்கப் போறாராம்."

அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் படத்தை எடுக்காமல், அவளைத் தரையில் படுக்கச் சொன்னேன். பாயை விரித்து, சுவரோரம் படுத்து, இடது காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்கும்படி சொன்னேன். தம்பி முன்னால்தானே என்று அவளும் புடவையை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு செய்தாள்.

"இப்ப பாரு."

சற்று நேரத்தில் அந்த நீலக் கோடுகள் தளர்ந்தன. புடைப்பு வற்றியது. நெளிந்து கிடந்த இடத்தில் தோல் லேசாகப் பள்ளம் விழுந்ததுபோல் ஆயிற்று. மச்சான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான்.

"எங்க மாமா போச்சு?"

"எழுந்து நில்லு" என்றேன் அவளிடம்.

அவள் நின்றாள். கோடுகள் மறுபடி நிரம்பிப் புடைத்தன. அவளே குனிந்து பார்த்தாள். தானாகவே மறுபடி படுத்துக் காலைத் தூக்கினாள். வற்றியது. எழுந்தாள். நிரம்பியது.

"நரம்புன்னா அது கம்பி மாதிரி. தூக்கினாலும் எறக்கினாலும் அப்பிடியேதான் இருக்கும். இது வத்துது, ரொம்புது. குழாய்தான வத்தி ரொம்பும்?" என்றேன்.

அவள் காலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊரு வாய்க்கால்ல ஷட்டர் ஒடஞ்சு போச்சுன்னா இப்பிடித்தான் ஆவும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணி உள்ள வந்துடும். வந்தது போவாது. வயல் ஓரமெல்லாம் கறுத்துப் போயி, புல்லு மொளைக்காது."

நான் சொல்ல வந்ததை அவள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

மச்சான்தான் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். "நாங்க கடையில குளுக்கோஸ் ஏத்துற ஐ.வி. செட்டு விக்கிறோம். ஐ.வி.ல வி-ன்னா வெயின். எனக்குத் தெரியும் மாமா. பில்லுல ஐ.வி.ன்னுதான் போடுவேன். வாயில நரம்பு ஊசின்னு சொல்லுவேன். ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல பாருங்க."

அவள் நிமிர்ந்தாள். "நரம்பு ஊசி எனக்குப் போட்டிருக்காங்களே. பிரசவத்தப்ப ரெண்டு கையிலயும் மாத்தி மாத்திக் குத்துனாங்க." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி விரித்தாள். "கை நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றான் தம்பி. "நேத்துகூட போன்ல அடிப்பேன்னு சொன்ன."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "சரி, குழாய்தான்னு வச்சுக்குங்க. அத அடைச்சுட்டா ரத்தம் எப்பிடி மேல போவும்?"

எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் அதுவரை போகவில்லை. "தெரியல. கேட்டுச் சொல்றேன்" என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாமே கெட்டுப்போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவள் தலையசைத்தாள். ஒரு கடைக்காரியின் தலையசைப்பு அது: சாயம் போகுமா என்று கேட்டவளிடம், போகாது என்று உடனே சொல்லாமல், விசாரித்துச் சொல்கிறேன் என்பவனை நம்பலாம் என்பது போல.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் மறுபடி ஒரு காலை வரைந்தார். தோலுக்கு அடியில் ஓடுவது மேல் சிரை. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் பெரிய சிரைகள் இருக்கின்றன. ரத்தத்தின் பெரும்பகுதி ஆழத்தில்தான் திரும்பிப் போகிறது. கெட்டுப்போன மேல்குழாயை மூடினால் ரத்தம் நல்ல குழாய்க்கு மாறிக்கொள்ளும். ஆனால் ஆழத்துச் சிரை நன்றாக இருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், அதை டாக்டர்தான் சொல்ல முடியும் என்றார். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார். நானும் வீட்டில் அதை இரண்டு முறை சொன்னேன்.

அந்த வாரமே அதே மருத்துவரிடம் போனோம். வேறு மருத்துவர் வேண்டாம் என்றாள் அவள். "அவருகிட்டதான் எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு."

மருத்துவர் புண்ணைப் பார்த்தார். "அன்னைக்கே சொன்னேனேம்மா. நரம்பு சுருண்டிருக்கு, அந்த நரம்ப..."

"டாக்டர், நரம்பா? ரத்தக்குழாயா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரத்தக்குழாய்தாம்மா. வெயின்."

"அப்ப ஏன் டாக்டர் நரம்புன்னு சொன்னீங்க?"

"உங்களுக்குப் புரியணும்னுதான்" என்றார் அவர்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் சிரித்தாள், வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு. நரம்பில் கை வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து இரண்டு வருடம் வராமல் இருந்ததை அவள் அவரிடம் சொன்னாள். பெரியப்பாவின் விரல்களைப் பற்றியும் சொன்னாள். மருத்துவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு காலை வரையத் தொடங்கினார். அவள் படத்தில் விரலை வைத்து, "இது மேலாப்புல இருக்கறது. உள்ள ஆழத்துல ஒண்ணு இருக்குமே, அது நல்லா இருக்கான்னு மொதல்ல ஸ்கேன் எடுக்கணும்ல டாக்டர்?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"இன்னும் பாக்கல டாக்டர். படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஸ்கேனில் ஆழத்துச் சிரைகள் நன்றாக இருந்தன. மேல் சிரையில் வால்வுகள் பழுது. சிகிச்சை அன்று அவளைக் காலையில் உள்ளே அழைத்துப் போனார்கள். அன்று மாலையே நடந்து வெளியே வந்தாள். நடந்து என்று எழுதுகிறேன், ஏனென்றால் கதவைத் தாண்டியதும் அவள் செய்த முதல் காரியம், நின்று, இடது காலின் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்ததுதான். ஐந்தும் ஆடின. "சரி, போலாம்" என்றாள்.

அந்தத் தீபாவளிக்கு அவள் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே காலில் அழுத்தக் கட்டுப் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி நடப்பதும் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதுமாக இருந்தாள். பொழுது போகவில்லை என்று என் பாடங்களைப் பிடுங்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நான் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு மண்டலத்தைச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால், "மாத்தி மடிச்சிட்டீங்க" என்பாள். அது கடைப் பேச்சு. பட்டுப்புடவையை எடுத்துப் பருத்தி அடுக்கில் வைப்பவர்களைத் திட்டுகிற சொல். இடுப்பு எலும்புகளின் பெயர்கள் எனக்கு வெகு நாள் மாத்தி மடிப்பாகவே இருந்தன.

புண்ணின் ஓரங்களிலிருந்து முதலில் ஒரு மெல்லிய வெளிர் தோல் கிளம்பியது. அதன் பிறகு நடுவே பள்ளம் மேடாயிற்று. பொருக்கு விழுந்தால் மறுபடி திறக்குமோ என்று இருவருக்கும் பயம் இருந்தது. விழுந்தது, திறக்கவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, கடைக்குப் போகலாம், பகலில் அழுத்தக் காலுறை போட வேண்டும், நடுநடுவே உட்கார வேண்டும், திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது என்றார். கறுத்த தோல் முழுதாக நிறம் மாறாது என்றும் சொன்னார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் தேர்வு தை மாதம் நடந்தது. தேறிவிட்டேன். ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. என் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. வேரிகோஸ் வெயின் என்று எங்காவது குறிப்பு வந்தால், எண்ணைப் போடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துகிறேன். யாரோ ஒருவருடைய கால். அவருக்கு எந்தச் சொல்லால் சொன்னார்களோ.

மச்சான் கடையில் சிவப்பு மாத்திரை இன்னும் ஜாஸ்தியாகத்தான் போகிறதாம். ஆனால் நரம்புக்கு மாத்திரை என்று கேட்டு வருபவர்களிடம் இப்போது அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: "எந்த நரம்பு? மரத்துப் போறதா, இழுக்கறதா, புடைக்கிறதா?" புடைக்கிறது என்றால் மாத்திரை கொடுக்காமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறானாம். "முதலாளி மொறைக்கிறாரு மாமா. எல்லாம் உங்களாலதான்" என்று போனில் சொன்னான்.

நேற்று மாலை அவள் கடையிலிருந்து வந்தாள். காலுறையைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டாள். புண் இருந்த இடத்தில் இப்போது பளபளப்பான ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். பகலில் காலுறை போடுவதால் கொலுசு மாலையில் மட்டும்தான். இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"இன்னைக்கு எங்க செக்‌ஷன்ல புதுசா வந்த பொண்ணு கால காமிச்சா. நரம்பு சுருண்டுக்கிச்சுக்கான்னா. நரம்பு இல்லடி, சிரைன்னேன்."

"என்ன சொன்னா?"

"சவரமான்னு கேட்டா. படுத்துக் காலத் தூக்குடின்னு சொல்லியிருக்கேன். சாப்பாட்டு நேரத்துல, குடோனுக்குப் பின்னாடி, நாளைக்கு."